ஷுஷானாவுக்கு ஓர் இடம் – அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி அடித்தபோது ஷுஷானாவின் இரண்டு கைகளிலும் கொத்தமல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆறு கட்டு அரிந்தாயிற்று. இன்னும் நான்கு கட்டு பாக்கி. அவ்வளவு தழையையும் அரிசியோடும் கறியோடும் சேர்த்து வேகவைத்தால் பச்சைப்பசேலென்று பாக்‌ஷ் தயார். தாஷ்கண்டிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் வாழும் 108ஆம் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான ஷபாத்தின் இரவுக்கு அதுதான். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அம்மா ஸோயா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

ஷுஷானா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மிரா கெஸ்டன் பேசறேன். கோடை வகுப்பு ஆபீஸ்லேர்ந்து. நீங்க நேத்து சொன்னதைக் குறிச்சுக்கிட்டோம். வருத்தமாத்தான் இருந்தது. ஒரு வார்த்தை நானே பேசிடலாம்னு கூப்பிட்டேன்."

"நேத்து நான் என்ன சொன்னேன்?"

"இடம் வேண்டாம்னு சொன்னீங்களே. வீட்ல சூழ்நிலை சரியில்ல, வர முடியாதுன்னு."

ஷுஷானா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்று வாரங்களாக இந்த வீட்டைத் தலைகீழாக்கியிருப்பது அந்த வகுப்புதான். மன்ஹாட்டனில், பெண்களுக்கு மட்டும், ஆறு வாரம். ஆண்கள் தலைமுறை தலைமுறையாக மேஜைக்கு மேஜை உட்கார்ந்து வாதாடும் யூதச் சட்ட நூல்களை, காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை மூலத்திலேயே படிக்கலாம். மொத்தம் முப்பதே இடம். கல்லூரியில் மருந்தியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகும் ஷுஷானா யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். பெர்தா அத்தை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். அண்ணன் ரூவென் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். அப்பா அம்னுன் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒன்றுமே பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள் ஷுஷானா.

"மேடம், நான் உங்களுக்குப் போனே பண்ணலை," என்றாள்.

அந்தப் பக்கம் காகிதங்கள் புரளும் ஓசை கேட்டது.

"ஒரு பெண் பேசினாங்க. ஷுஷானான்னுதான் சொன்னாங்க. பிறந்த தேதி கேட்டேன், தயங்காம சொன்னாங்க. உங்க குரல் மாதிரியேதான் இருந்தது."

"அது நான் இல்லை. என் இடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க."

"காத்திருக்கற பட்டியல்ல முதல்ல ஒரு பொண்ணு இருக்கா. இன்னிக்கு ஷபாத்தாச்சே, ஒரு மணிக்கு ஆபீசை மூடிடுவோம். மூடறதுக்கு முன்னாடி அவளுக்குச் சொல்லியாகணும். நேத்து ஒரு குரல் வேண்டாம்கறது, இன்னிக்கு ஒரு குரல் வேணும்கறது. போன்ல நான் எதை நம்பறது? ஒரு மணிக்குள்ள நேர்ல வந்து கையெழுத்துப் போட முடியுமா?"

"வரேன்."

போனை வைத்துவிட்டு ஷுஷானா செருப்பைத் தேடினாள்.

"எங்கடீ கிளம்பற? நாலு கட்டு அப்படியே கிடக்கு," என்றாள் அம்மா, திரும்பாமலேயே.

"என் பேரைச் சொல்லி என் இடத்தை வேண்டாம்னுட்டாங்கம்மா. யார் பண்ணியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

வாணலியில் கரண்டி நின்றது. ஷுஷானா அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

*

அம்னுனின் முடிதிருத்தும் கடை இரண்டு தெரு தள்ளி. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே நிற்க இடமிருக்காது. மூன்று நாற்காலிகளிலும் ஆள். சுவரோரம் ஐந்தாறு பேர் பச்சைத் தேநீர்க் கிண்ணங்களோடு காத்திருந்தார்கள். கல்லாவில் பெர்தா அத்தை. அம்னுனுக்கு மூத்தவள், கணவரை இழந்தவள். கடை தம்பியுடையது, அதிகாரம் அவளுடையது.

ஷுஷானா நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

"நேத்து என் காலேஜுக்குப் போன் பண்ணீங்களா அத்தை?"

"எந்தக் காலேஜ்? அந்தத் தாடி வளர்க்கற காலேஜா?"

சுவரோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என் பேரைச் சொல்லி, நான் வரலைன்னு சொல்லி, என் இடத்தைக் கெடுத்திருக்கீங்க. இவ்வளவு கேவலமா ஒரு வேலை பண்ணுவீங்கன்னு நான் நினைக்கலை."

பெர்தா மெதுவாக எழுந்து நின்றாள். நின்றால் கல்லாப்பெட்டி அவளுக்கு இடுப்பளவுதான்.

"என்ன சொன்னே? நானா? ஒளிஞ்சு, குரலை மாத்தி, போன்லயா?" அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. "ஏய், என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருக்கே? எனக்கு ஒண்ணு பிடிக்கலைன்னா நடுத்தெருவுல நின்னு கத்துவேன். உன் வகுப்பு வாசல்ல வந்து நின்னு கத்துவேன். அந்த மேடத்தைக் கூப்பிட்டு, நான் பெர்தா, அம்னுனோட அக்கா, இது எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டுத்தான் கீழே வைப்பேன். அறுபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு காரியத்தை முதுகுக்குப் பின்னால பண்ணேன்னு யாராவது சொல்லட்டும். அம்னுன், சொல்லுடா!"

நாற்காலியில் இருந்தவரின் தாடையில் கத்தியை வைத்தபடியே அம்னுன், "அக்கா அப்படிப் பண்ணமாட்டா," என்றார்.

ஷுஷானாவுக்கும் அது தெரியும். கோபத்தில் மறந்துபோயிருந்தது.

நுரைபூசிய முகத்தோடு நாற்காலியில் இருந்தவர் பின்ஹாஸ். ஜெபக்கூடத்தில் முதல் வரிசைக்காரர். எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருப்பவர். கண்ணாடி வழியாக ஷுஷானாவைப் பார்த்தார்.

"சண்டை எதுக்கு? பொண்ணுக்குப் படிக்கணும்னு ஆசை. சரி, நான் ரெண்டு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லட்டும். சொல்லிட்டா போகட்டும், சொல்லலைன்னா வீட்ல இருக்கட்டும். எப்படி?"

"அதானே, கேளுங்க," என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.

"வேண்டாம் மாமா," என்றாள் ஷுஷானா. "நான் பதில் சொல்லமாட்டேன்."

"பயமா?"

"எங்கண்ணனை ஜெருசலேமுக்குப் படிக்க அனுப்பினாங்களே, அப்ப இதே நாற்காலியில நீங்க உக்காந்திருந்தீங்க. அவனை ஒரு கேள்வி கேட்டீங்களா? முதுகுல தட்டி, நல்லாப் படிச்சுட்டு வாடான்னு சொன்னீங்க. பையன் தெரியாததாலதான் படிக்கப் போறான், பொண்ணு மட்டும் எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் படிக்கப் போகணுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. அதுக்குத்தான் போறேன்."

பின்ஹாஸ் வாயைத் திறந்தார். நுரை உள்ளே போனதால் மூடிக்கொண்டார். இந்த முறை சிரித்தது அம்னுன்தான். ஓசையில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"சரி, அந்தப் போனைப் பண்ணது யாரு?" என்றாள் பெர்தா. துப்பு துலக்கும் வேலை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. "என்ன சொன்னாங்க, பேசினது எப்படி இருந்ததாம்?"

"என் குரல் மாதிரியே இருந்ததாம். என் பிறந்த தேதியும் தெரிஞ்சிருக்கு."

"உன் குரல் மாதிரி இந்தக் குடும்பத்துல யாருக்குடி இருக்கு? நான் வீட்டுக்குப் போன் பண்ணா ஒவ்வொரு தடவையும் நீயா, இல்ல உங்க..."

பெர்தா அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அது அபூர்வமான காரியம்.

கடையில் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அம்னுன் கத்தியைத் துண்டில் துடைத்தார். மகளைப் பார்க்காமல் கத்தியைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்குள்ள அங்கே போகணும்?"

"ஒரு மணிக்குள்ளப்பா."

"முதல்ல வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட பேசு. அப்புறம் அங்கே போ." சற்று நிறுத்தி, "சாயங்காலம் ஷபாத் மெழுகுவர்த்தி ஏத்தறதுக்குள்ள வந்துடு," என்றார்.

மூன்று வாரமாக வராத பதில் அது. பெர்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"டேய், சரின்னு சொல்லிட்டியாடா?"

"வந்துடுன்னு சொன்னேன்," என்று சொல்லிவிட்டு அம்னுன் பின்ஹாஸின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

*

வீட்டில் கொத்தமல்லி முழுவதும் அரிந்து முடிந்திருந்தது. ஸோயா சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வேலையில்லாமல் அம்மா உட்கார்ந்து ஷுஷானா பார்த்ததில்லை.

"நான்தான்," என்றாள் ஸோயா, அவள் கேட்பதற்கு முன்பே.

ஷுஷானா வாசற்படியிலேயே நின்றாள். வழியெல்லாம் பேச வேண்டியதை யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஒரே ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது.

"ஏம்மா?"

"ஏன்னா கேக்கற? உங்கண்ணனை நான் படிக்காதேன்னா சொன்னேன்? விமான நிலையத்துல என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான் அவன். ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்த அன்னிக்கு இதே பாக்‌ஷ் பண்ணி வெச்சேன். தட்டைத் தொடலை. அலமாரியைத் திறந்து என் தட்டையெல்லாம் எடுத்து எடுத்துப் பாத்தான். 'அம்மா, பாலுக்கும் கறிக்கும் ஒரே தட்டா வெச்சிருக்கே'ன்னான். கண்ணாடித் தட்டுதானேடா, கழுவிட்டா போச்சேன்னேன். எங்கம்மா அப்படித்தான் வெச்சிருந்தா, உங்கப்பா வீட்லயும் அப்படித்தான். 'பாலையும் கறியையும் கலக்கவே கூடாது, சட்டத்துல எழுதியிருக்கு'ன்னான்."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஷுஷானாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பதினோரு மாசம் ஆச்சு. வாராவாரம் வரான். பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு, ஈயத்தாள்ல சுத்தின பொட்டலத்தோட வரான். என் மேஜைல உக்காந்து, எவளோ சமைச்சதை, காகிதத் தட்டுல வெச்சுத் திங்கறான். நான் எதிர்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கேன். நீயும் போயி ஆறு வாரம் படிச்சுட்டு வந்து, உன் தட்டையும் தனியா எடுத்து வெச்சுட்டேன்னா? நான் யாருக்குடி சமைக்கறது?"

ஷுஷானாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கட்டிக்கொண்டால் அழுகை வரும். அழுதால் அரை மணி நேரம் போகும். அரை மணி நேரம் போனால் ரயில் போகும். அதற்கும் மேலே கோபம் இருந்தது. இன்னும் ஆறாத கோபம்.

"அண்ணன் சொன்னது சரிதான்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கு என்ன தெரியும்? தாஷ்கண்ட்ல எனக்கு எபிரேய எழுத்துக்கூட யாரும் சொல்லித் தரலை. எழுதியிருக்குங்கறான்."

"எங்கே எழுதியிருக்கு?"

ஸோயா மேஜையில் ஒட்டியிருந்த தழையை நகத்தால் சுரண்டினாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா? அத்தைக்கு? இந்த வீட்ல அந்தப் புத்தகத்தைத் திறந்து, எங்கடா, காட்டுன்னு கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடையாது. அவன் எழுதியிருக்குங்கறான், நாம தலையைக் குனிஞ்சுக்கறோம். நீ பதினோரு மாசமா அழுதுக்கிட்டு இருக்கே. நான் எதுக்குப் போறேன்னு நீ ஒரு தடவையாவது கேட்டியா? கேக்காமயே வேண்டாம்னு சொல்லிட்டே. என் குரல்லயே சொல்லிட்டே!"

"அவன் சொன்னது சரியா இருந்தா?"

"சரியா இருந்தா, சரின்னு நானே உன்கிட்ட வந்து சொல்றேன். ரெண்டு பேரும் போயி வேற தட்டு வாங்குவோம். ஆனா அதை நான் படிச்சுட்டுச் சொல்றேன். அவன் சொன்னான்னு சொல்லமாட்டேன்."

"நான் போக வேண்டாம்னு சொன்னா?"

"அப்பவும் போவேன்."

இருபது வருஷத்தில் அவள் அம்மாவிடம் அப்படிப் பேசியதில்லை. ஸோயா எழுந்து நின்றாள்.

"அந்த வாசலைத் தாண்டினேன்னா..."

தாண்டினால் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. வாக்கியம் பாதியில் நின்றது. ஷுஷானா அது முடிவதற்காக ஒரு நிமிடம் காத்திருந்தாள். முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

*

ரயில் பாதி வழியில் ஆற்றுக்கு அடியில் பதினைந்து நிமிடம் நின்றது. பெட்டியிலிருந்த எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஷுஷானா மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் நேரம் ஓடிவிடும் என்று பயந்தாள்.

மிரா கெஸ்டனின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. அவள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

மிராவுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, தலையில் துணிப்பட்டை, விரலெல்லாம் மை. மேஜையில் இரண்டு கோப்புகள் அருகருகே இருந்தன. ஒன்று ஷுஷானாவுடையது. மற்றொன்று யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

"உக்காருங்க. தண்ணி குடிங்க. போன் பண்ணது யாருன்னு தெரிஞ்சுதா?"

வேறு யாராவது என்று சொல்லிவிடலாம். தெரியவில்லை என்றும் சொல்லிவிடலாம்.

"எங்கம்மா," என்றாள் ஷுஷானா. "ஆனா அவங்களைப் பத்தித் தப்பா நினைக்காதீங்க. அவங்க பயந்துட்டாங்க."

மிரா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. வீட்ல பிடிக்காம வர பொண்ணுங்களைப் பாத்திருக்கேன். முதல் வாரம் வருவாங்க. ரெண்டாவது வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லம்பாங்க. மூணாவது வாரம் அந்த நாற்காலி காலியா இருக்கும். அதே நாற்காலிக்காக வெளியில ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருப்பா. உங்களை நான் எதை வெச்சு நம்பறது?"

"தெரியலை."

"விண்ணப்பத்துல எழுதினீங்களே, 'நம் முன்னோரின் ஞானக் கருவூலத்தில் மூழ்கி முத்தெடுக்க'ன்னு. அதையாவது சொல்லுங்க."

ஷுஷானாவுக்கு முகம் சிவந்தது. அந்த வரியை எழுத அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அது பொய்," என்றாள். "பொய்ன்னா... அழகா இருக்கட்டும்னு எழுதினேன். நிஜம் வேற. எங்கண்ணன் எங்கம்மா தட்டுல சாப்பிடமாட்டேங்கறான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடித் தட்டு, ஈயத்தாள் பொட்டலம், எதிரில் உட்கார்ந்து சிரிக்கும் அம்மா. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தோன்றியது. இதற்காகவா நான்கு மாடி ஏறி வந்தோம்?

"அவன் சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது," என்று முடித்தாள். "தாஷ்கண்ட்லேர்ந்து வந்த எங்க ஜனங்களுக்கும், வேற தேசத்துலேர்ந்து வந்த அவன் வாத்தியாரோட ஜனங்களுக்கும் வழக்கம் ஒண்ணுதானா, வேறயான்னுகூடத் தெரியாது. தெரியாம இருக்கறது எனக்கு அசிங்கமா இருக்கு. யாரோ ஒருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்கறது அதைவிட அசிங்கமா இருக்கு. நீங்க நம்பலைன்னா அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. நான் அடுத்த வருஷம் வரேன். அதுக்கு அடுத்த வருஷமும் வரேன். என்னைப் பாத்துப் பாத்து உங்களுக்கே அலுத்துப்போற வரைக்கும் வருவேன்."

மிரா மற்றொரு கோப்பை ஓரமாக நகர்த்தினாள். பிறகு ஷுஷானாவின் கோப்பைத் திறந்து, அந்த முத்தெடுக்கும் காகிதத்தை உருவி, குறுக்கே ஒரு கோடு போட்டாள். பின்பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினாள்.

"இப்ப சொன்னதை இதுல எழுதுங்க. நாலு வரி போதும். கீழே கையெழுத்து. ஜூன் இருபத்திநாலு, எட்டரை மணி. எட்டு முப்பத்தொண்ணுக்குக் கதவைச் சாத்திடுவேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள் ஷுஷானா. இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அம்மாவிடமிருந்து ஒரு குரல்செய்தி.

திறக்கவே பயமாக இருந்தது. திறந்தாள்.

"வர வழியில ரொட்டிக் கடைக்குப் போயிட்டு வா. பெரிய ரொட்டியா நாலு. நேத்துப் போட்டதைக் குடுத்தா வாங்காதே, தந்தூர்லேர்ந்து சூடா எடுத்துத் தரச் சொல்லு." பாத்திரத்தை மூடும் சத்தம். பிறகு, வேறு குரலில், "கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

*

ரூவென் மாலை ஆறரைக்கு வந்தான். ஜன்னலில் இன்னும் நல்ல வெயில். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, கையில் ஈயத்தாள் பொட்டலம். பின்னால் அவன் மனைவி மல்கா. நான்கு மாதம் கர்ப்பம். புரூக்ளினில் கட்டுப்பாடான குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் இந்த வீட்டில் அவள் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

பெர்தா அத்தை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். ஆகவே ரூவெனுக்குச் செய்தி வாசலிலேயே கிடைத்துவிட்டது.

"கேள்விப்பட்டேன்," என்றான், கோட்டைக்கூடக் கழற்றாமல். "கையெழுத்துப் போட்டுட்டியாமே."

"போட்டுட்டேன் அண்ணா."

"அப்பா, நீங்களும் சரின்னுட்டீங்களா?"

"வரச் சொன்னேன். வந்துட்டா," என்றார் அம்னுன், செய்தித்தாளுக்குள்ளிருந்து.

"இது விளையாட்டு இல்லை ஷுஷானா. பொண்ணுங்களுக்கு இந்தப் படிப்பு கூடாதுன்னு எழுதியிருக்கு."

"எங்கே?"

"என்ன எங்கே?"

"எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்? உங்க கையிலதான் போன் இருக்கே, எல்லாப் புத்தகமும் அதுக்குள்ள இருக்கும். இன்னும் ஷபாத் ஆரம்பிக்கலை, போனைத் தொடலாம். எடுத்துக் காட்டுங்க. நான் கேக்கறது குத்தமா?"

ரூவென் போனை எடுத்தான். விரலால் தள்ளினான். மறுபடி தள்ளினான். கூடத்தில் எல்லோரும் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சொல்லித் தர ரபி சொன்னார்," என்றான் கடைசியில்.

"நீங்க பாத்தீங்களா?"

"அவர் பாத்திருக்கார். போதாதா?"

"சரி. அம்மாவோட கண்ணாடித் தட்டு? அதை நீங்களே பாத்தீங்களா, இல்ல அதுவும் அவர் சொன்னதா? அவர் சொன்னது எல்லாருக்குமா, அவர் ஜனங்களுக்கா? நம்ம தாத்தா காலத்துலேர்ந்து நாம என்ன வழக்கம் வெச்சிருந்தோம்னு அவரைக் கேட்டீங்களா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

"ஒண்ணுதானா?"

ரூவென் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டான். அவன் கெட்டவன் அல்ல. அம்மாவுக்கு வலிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தடவைகூட இந்தக் கேள்வியை அவன் தன் வாத்தியாரிடம் கேட்டதில்லை. பதினோரு மாதத்தில் அது இப்போதுதான் அவனுக்கே உறைத்தது. உறைத்ததால் இன்னும் கோபம் வந்தது.

"ஆறு வாரம் படிச்சுட்டு வந்து நீ எனக்குச் சட்டம் சொல்லப் போறியா? மல்காவைப் பாரு. பன்னிரண்டு வருஷம் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ. பக்தியான குடும்பம். இதையெல்லாம் என்னிக்காவது கேட்டிருக்காளா? அவளுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

சமையலறையில் ஸோயா மூடியைத் திறந்தாள். பாக்‌ஷின் வாசனை கூடம் முழுக்க வந்தது.

மல்கா, கதவோரத்தில் நின்றிருந்தவள், இரண்டடி முன்னால் வந்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். குரல் மெல்லியதாகத்தான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

"ஷுஷானா, காத்திருக்கற பட்டியல்னு ஒண்ணு இருக்குன்னு பெர்தா அத்தை சொன்னாங்களே. அதுல இன்னொரு பேர் சேத்துக்குவாங்களா?"

பெர்தா அத்தையின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அம்னுன் செய்தித்தாளை இறக்கினார்.

"மல்கா!" என்றான் ரூவென். "என்ன பேசறே நீ?"

மல்கா அவன் பக்கம் திரும்பவில்லை.

"உங்களைக் கேக்கலை," என்றாள். "ஷுஷானாவைக் கேக்கறேன்."